முதல் இரண்டு பருவத்தில் சறுக்கியவர்களும் இயற்பியல் மேற்படிப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் இயற்பியல் மேற்படிப்பு பற்றி அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தோம். எங்கெங்கே படிக்கலாம் என்ற விவரம் நன்றாகவே இருந்தது. ஆனால் 'நல்ல மதிப்பெண் உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம்' என்ற ஒற்றை வரியைப் பார்த்ததும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் தாளை மடித்து வைத்திருப்பார்கள். பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், முதலமடை பகுதிகளில் தமிழ்வழியில் பள்ளி முடித்து, பாலக்காட்டிலோ பொள்ளாச்சியிலோ கோவையிலோ பி.எஸ்ஸி. இயற்பியல் சேர்கிறவர்களுக்கு முதல் இரண்டு பருவம் பெரும்பாலும் சறுக்கல்தான். பாடம் புரியாததைவிட, பாடம் நடக்கும் ஆங்கிலம் புரியாததே முதல் காரணம். தவறிய தாளை மறுபடி எழுதுவதற்குக் கேரளக் கல்லூரியில் பெயர் 'சப்ளி', தமிழ்நாட்டுக் கல்லூரியில் 'அரியர்'. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வலி ஒன்றுதான்.

அந்தச் சறுக்கலுக்குப் பிறகு எம்.எஸ்ஸி., பிஎச்.டி. என்று போக முடியுமா என்றால், முடியும். ஆனால் குறைந்த மதிப்பெண் இரண்டு விதமாக வழியை மறிக்கும் என்பதைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். சில இடங்களில் அது விதி: இத்தனை விழுக்காடு இல்லையென்றால் விண்ணப்பத்தைக் கணினியே தள்ளிவிடும். மற்ற இடங்களில் அது தேர்வுக் குழுவின் கண்ணில் விழும் ஒரு தகவல் மட்டுமே. விதியோடு வாதாட முடியாது, வேறு வாசல் பார்க்க வேண்டும். குழுவுக்கோ வேறு சான்று காட்டலாம். இரண்டையும் குழப்பிக்கொண்டு, விதி மறிக்காத இடத்தில் தானாகவே ஒதுங்கி நிற்பவர்கள்தான் அதிகம்.

முதலில் விதி. 2022-இல் வந்த பல்கலைக்கழக மானியக் குழுவின் பிஎச்.டி. விதிமுறைப்படி, முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும். எஸ்.சி., எஸ்.டி., வசதி வரம்புக்கு உட்பட்ட ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு இதில் 5 விழுக்காடு தளர்வு உண்டு. நான்காண்டு இளங்கலை முடித்தவர் முதுகலை இல்லாமலே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் 75 விழுக்காடு வேண்டும். கேரளத்தில் 2024 ஜூலை முதல் நான்காண்டுப் படிப்பு வந்துவிட்டதால் இந்த 75 எங்கள் மாணவர்களின் வாயில் அடிக்கடி அடிபடுகிறது. நான்காம் ஆண்டில் ஆராய்ச்சிப் பிரிவை எடுக்கவும் முதல் ஆறு பருவத்தில் 75 விழுக்காடு என்பதே மானியக் குழு வகுத்த அளவு.

இங்கே ஒரு கணக்கு. 75 விழுக்காட்டைப் பத்துக்கு 7.5 தரப்புள்ளி என்று வைத்துக்கொண்டால், முதல் இரண்டு பருவத்தில் 5.5 வாங்கிய ஒருவர் ஆறு பருவச் சராசரி 7.5 தொட, மீதி நான்கு பருவத்திலும் சராசரியாக 8.5 வாங்க வேண்டும். நடக்காதது அல்ல. ஆனால் அதற்காக ஓடுகிற ஓட்டத்தில் நுழைவுத் தேர்வுக்குப் படிக்க நேரம் இருக்காது. இப்படிப்பட்டவர் மூன்றாம் ஆண்டோடு பட்டம் வாங்கிக்கொண்டு, இரண்டாண்டு எம்.எஸ்ஸி.க்குப் போவதே கெட்டிக்காரத்தனம் என்பது எங்கள் கருத்து. அங்கே பிஎச்.டி.க்கான வாசல் 75 அல்ல, 55. அதுவும் புது ஏட்டில் புதுக் கணக்கு.

விழுக்காட்டுக் கணக்கில் நடக்கும் தவறுகள் தனி. 54.8-ஐ 55 என்று போடக் கூடாது, முழுமையாக்கல் கிடையாது என்று பல கையேடுகளில் எழுதியே இருக்கும். தரப்புள்ளியைப் பத்தால் பெருக்கினால் விழுக்காடு வந்துவிடும் என்பதும் எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் பொருந்தாது. மாற்று வாய்பாடு மதிப்பெண் பட்டியலின் பின்புறம் இருக்கும், இல்லையென்றால் பல்கலைக்கழகத்தில் சான்று கேட்டு வாங்க வேண்டும். மொழிப்பாடத்தையும் சேர்த்துக் கணக்கிடு என்று ஒரு நிறுவனம் சொல்லும், முதன்மைப் பாடம் மட்டும் போதும் என்று இன்னொன்று சொல்லும். ஆகவே மூன்று எண்களைக் கையில் வைத்திருப்பது நல்லது: எல்லாம் சேர்ந்த மொத்தம், இயற்பியலும் கணிதமும் மட்டும், கடைசி இரண்டு பருவம் மட்டும். மூன்றாவது எண்ணை விண்ணப்பத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். நாமாக எடுத்துச் சொல்ல வேண்டியது அது.

குழுவில் உட்கார்ந்திருக்கும் இயற்பியலாளர் மதிப்பெண் பட்டியலை மேலிருந்து கீழாகப் படிப்பதில்லை. இயக்கவியல், மின்காந்தவியல், குவாண்டம், வெப்பவியல், கணித முறைகள் என்று கண் ஐந்தாறு வரிகளைத் தேடிப் போகும். முதல் பருவ ஆங்கிலத்தில் 38 வாங்கியது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. நான்காம் பருவ மின்காந்தவியலில் 41 என்றால் புருவம் உயரும். ஐந்தாம் பருவ குவாண்டத்தில் 78 என்றால் இறங்கும். தமிழ்நாட்டுப் பட்டியல்களில் தேர்ச்சி பெற்ற மாதமும் ஆண்டும் இருப்பதால் எந்தத் தாளை எப்போது எழுதி மீண்டார்கள் என்பது ஒளிவு மறைவின்றித் தெரியும். அதை மறைக்க ஒரு வழியும் இல்லை, மறைக்க வேண்டியதும் இல்லை. பொறியியலில் சேர்ந்து இரண்டாண்டில் விட்டுவிட்டு பி.எஸ்ஸி. வந்தவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: படித்த எல்லா நிறுவனங்களையும் குறிப்பிடச் சொல்லும் விண்ணப்பத்தில் அந்த இரண்டாண்டை விழுங்கிவிட்டால், பின்னால் தெரியவரும்போது இடமே போகும்.

எம்.எஸ்ஸி. சேர்க்கைக்கு ஐ.ஐ.டி.கள் நடத்தும் நுழைவுத் தேர்வான ஜாம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சறுக்கியவர்களுக்காகவே அமைத்தது போன்ற தேர்வு அது. அதன் இயற்பியல் பாடத்திட்டம் இயக்கவியல், அலைகள், ஒளியியல், மின்காந்தவியல், வெப்பவியல், நவீன இயற்பியல், திண்மநிலையும் மின்னணுவியலும், கணித முறைகள். இவற்றில் பாதி, முதல் மூன்று பருவத்தில் கோட்டைவிட்ட அதே பாடங்கள். அதே பாடத்தில் நாடு முழுவதும் எழுதும் ஒரு தேர்வில் நல்ல தரவரிசை வந்துவிட்டால், பழைய 40-க்குப் பக்கத்தில் புது எண் ஒன்று நிற்கிறது. அதற்கு மேல் விளக்கம் எதற்கு?

விண்ணப்பம் செப்டம்பர், அக்டோபரில், தேர்வு பிப்ரவரியில். வயது வரம்பு இல்லை, இறுதியாண்டில் இருப்பவர்களும் எழுதலாம். 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் 30 கேள்விகளுக்கு 50 மதிப்பெண். இவற்றில் மட்டுமே தவறான விடைக்குக் கழிவு உண்டு, கேள்வி மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு. ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடை இருக்கக்கூடிய 10 கேள்விகளுக்கு 20 மதிப்பெண். எல்லாச் சரியான விடையையும் குறித்தால்தான் மதிப்பெண், பாதிக்குப் பாதி கிடையாது, கழிவும் கிடையாது. எண்ணாக விடை எழுதும் 20 கேள்விகளுக்கு 30 மதிப்பெண், அங்கேயும் கழிவு இல்லை. ஆக, தாளில் சரிபாதி பயமில்லாமல் கை வைக்கக்கூடியது. முதல் பகுதியிலேயே ஒன்றரை மணி நேரத்தைத் தொலைத்துவிட்டு, கடைசி 20 கேள்விகளைப் பார்க்காமல் எழுந்து வருவதுதான் வழக்கமான தவறு.

எண் விடைக் கேள்வியில் ஆள் விழுவது இயற்பியலில் அல்ல, பத்தின் அடுக்கில். 100 வோல்ட் முடுக்கிய எலக்ட்ரானின் டி பிராய் அலைநீளம் என்ன என்று வந்தால், 1.23 என்று மனப்பாடம் கையை இழுக்கும். கேள்வி ஆங்ஸ்ட்ராமில் கேட்டிருந்தால் அது சரி. நானோமீட்டரில் கேட்டிருந்தால் 0.123. 1.23 என்று போட்டவருக்குப் பூஜ்யம். பழைய தாள்களைப் போட்டுப் பார்க்கும்போது தவறுகளை ஒரு நோட்டில் மூன்று கட்டமாகப் பிரித்து எழுதச் சொல்கிறோம்: கருத்து தெரியாதது, இயற்கணிதத்தில் வழுக்கியது, அலகிலும் அடுக்கிலும் போனது. பத்துத் தாள் முடியும்போது எந்தக் கட்டம் நிரம்பியிருக்கிறது என்று பார்த்தால், மீதி மாதங்களில் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும். மூன்றாவது கட்டம் நிரம்பியிருப்பவர் புதிதாகப் புத்தகம் வாங்க வேண்டியதில்லை. பழைய தாள்கள் தேர்வின் இணையதளத்திலேயே இலவசம், கட்டணப் பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் அதைத் தொட்டுப் பாருங்கள்.

ஜாம் மதிப்பெண்ணால் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. கிடைக்கும். பாலக்காட்டு ஐ.ஐ.டி. கஞ்சிக்கோட்டிலேயே இருக்கிறது, எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போகிற தூரம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எம்.எஸ்ஸி.யும் பிஎச்.டி.யும் சேர்ந்த ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கும் இதே மதிப்பெண்தான். அது வராவிட்டால் க்யூட் முதுகலைத் தேர்வு இருக்கிறது: புதுச்சேரி, ஹைதராபாத், திருவாரூர், காசர்கோடு மத்தியப் பல்கலைக்கழகங்கள் அதன் வழியாகச் சேர்க்கின்றன. கொச்சின் பல்கலைக்கழகம் தனித் தேர்வு நடத்துகிறது. எம்.எஸ்ஸி. எங்கே சேர்ந்தாலும் முதல் பருவத்தை மறுபடி கைவிட்டுவிடக் கூடாது. அங்கே 45 வாங்கினால், மொத்தம் 55 தொட மீதி மூன்று பருவத்திலும் சராசரி 58-க்கு மேல் வேண்டியிருக்கும்.

பிஎச்.டி.க்கு ஜெஸ்ட், நெட், கேட் என்று மூன்று தேர்வு வழி. ஜெஸ்ட் மதிப்பெண்ணைச் சென்னை கணித அறிவியல் நிறுவனம், பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனம், இந்திய வானியற்பியல் நிறுவனம் போன்றவை பார்க்கின்றன. சி.எஸ்.ஐ.ஆர். நெட் 200 மதிப்பெண். அதில் 30 பொது அறிவுத்திறன், இயற்பியலே அல்ல, விட்டுவிடாதீர்கள். அதில் ஜே.ஆர்.எஃப். என்னும் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். கேட் மதிப்பெண் மூன்றாண்டு செல்லும், ஜாம் ஓராண்டுதான். தேர்வுகள் அவ்வளவே. ஆளைப் பிரிப்பது நேர்காணல்.

நேர்காணலில் முதல் கேள்வி பெரும்பாலும் 'உனக்குப் பிடித்த பாடம் எது?' என்பதாக இருக்கும். குவாண்டம் என்றால் கெத்தாக இருக்கும் என்று சொல்லி மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. 'பெட்டிக்குள் துகள்' கணக்கைப் போடு என்பார்கள், இவர்களும் போடுவார்கள். இப்போது பெட்டியின் அகலத்தைச் சட்டென்று இரண்டு மடங்காக்கினால், துகள் புதுப் பெட்டியின் அடிநிலையில் இருக்க வாய்ப்பு எவ்வளவு என்பார்கள். பழைய அலைச்சார்பு அந்தக் கணத்தில் மாறாமல் அப்படியே நிற்கும், அதைப் புது அடிநிலையோடு பெருக்கித் தொகையிட வேண்டும், அதுவும் பழைய அகலம் வரைதான், வந்த தொகையை வர்க்கமாக்க வேண்டும், என்ற நான்கு படியும் பலகையில் வந்தால் விடை ஏறத்தாழ 0.36. விடை வராவிட்டாலும் பரவாயில்லை. நான்கு படியையும் வாய்விட்டுச் சொன்னவருக்கு மதிப்பெண் விழும். வாய்பாட்டை நினைவுபடுத்தப் பார்த்து மௌனமாக நிற்பவருக்கு விழாது. இயக்கவியல் பிடிக்கும் என்று நேர்மையாகச் சொல்லி, தணிந்த அலைவை நன்றாகப் போட்டவர் குவாண்டம் வீரரைவிட மேலே போவார். பதில்களை ஆங்கிலத்தில் சத்தமாகச் சொல்லிப் பழக வேண்டும், பாட்டி முன்னாலோ சுவர் முன்னாலோ.

'முதல் ஆண்டில் ஏன் இவ்வளவு குறைவு?' என்ற கேள்வி வரும். வராவிட்டாலும், ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதித்தரும் நோக்க அறிக்கையில் எழுதத்தான் வேண்டும். அதற்கு மூன்று வாக்கியம் போதும்: என்ன நடந்தது, எப்போது மாறியது, மாறியதற்குச் சான்று எது. 'பன்னிரண்டு வரை தமிழ்வழியில் படித்தேன். முதல் இரண்டு பருவப் பாடங்களை ஆங்கிலத்தில் பின்தொடர முடியாமல் இரண்டு தாளில் தவறினேன். மூன்றாம் பருவத்திலிருந்து முதன்மைப் பாடச் சராசரி 76.' இதற்கு மேல் ஒரு வரி எழுதினாலும் அது புலம்பலாகத் தெரியும். கல்லூரியையும் ஆசிரியரையும் குறை சொல்லும் வரி நியாயமாகவே இருந்தாலும் எழுதியவருக்கு எதிராகத்தான் வேலை செய்யும்.

பரிந்துரைக் கடிதம் எங்கள் பக்கம் பலவீனமான இடம். 'ஒழுக்கமான மாணவர், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்' என்று எழுதித்தருவது நன்னடத்தைச் சான்றிதழ், பரிந்துரை அல்ல. எந்தப் பாடம் நடத்தினேன், எந்த ஆய்வகச் சோதனையில் இவர் என்ன செய்தார், கணினி நிரலை யார் எழுதியது, இதே வகுப்பில் படித்தவர்களோடு ஒப்பிட்டால் எங்கே நிற்பார் என்பவைதான் எடுபடும். முதல் ஆண்டுச் சறுக்கலை மாணவர் சொல்வதைவிட ஆசிரியர் ஒரு வரியில் சொன்னால் எடை அதிகம். ஆகவே ஆறு வாரம் முன்பே மதிப்பெண் பட்டியல், திட்டப்பணி அறிக்கை, கடைசி நாட்களின் அட்டவணை மூன்றையும் ஆசிரியரிடம் கொடுத்துவிட வேண்டும். 'நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்' என்னும் வழக்கத்தை ஆசிரியர்களாகிய நாம் நிறுத்த வேண்டும். மூன்று கடிதமும் ஒரே நடையில் போனால் படிப்பவருக்குத் தெரியாமல் போகாது.

வெளிநாடு என்றால் கணக்கு மாறும். ஜெர்மனியில் நம் தரப்புள்ளியை 1 முதல் 4 வரையிலான அளவுக்கு மாற்றுவார்கள், அங்கே 1 உயர்வு. உச்சத்திலிருந்து நாம் வாங்கியதைக் கழித்து, உச்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். உச்சம் 10, தேர்ச்சி 4, நாம் வாங்கியது 7 என்றால் 2.5. அதே 7, தேர்ச்சி 5 என்று எடுத்தால் 2.8. பல முதுகலைப் படிப்புகள் 2.5-ஐ எல்லையாக வைத்திருப்பதால் இந்த வேறுபாடு ஆளையே மாற்றிவிடும். தேர்ச்சிக்கான குறைந்தபட்சத் தரப்புள்ளி இதுதான் என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்திய மாணவர்களுக்கு, படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றும் கட்டாயம், அதற்குச் சில மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். அமெரிக்காவில் பல துறைகள் இயற்பியல் ஜி.ஆர்.ஈ. தேர்வைக் கட்டாயமாக்குவதில்லை. 'விருப்பமிருந்தால் அனுப்பலாம்' என்று போட்டிருக்கும் இடத்தில், பழைய மதிப்பெண் குறைவாக இருப்பவர் நல்ல மதிப்பெண் எடுத்திருந்தால் கட்டாயம் அனுப்ப வேண்டும்.

எல்லைப்புறத்தாருக்கு என்றே ஒரு தொல்லை உண்டு. மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியல் மாநிலவாரியானது. பொள்ளாச்சியில் இருக்கும் சித்தப்பா குடும்பம் எந்தப் பிரிவு என்று கேட்டு அதையே குறிப்பவர்கள் உண்டு. ஒரே சாதிக்குக் கேரளப் பட்டியலில் வேறு நிலை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சான்று மத்திய அரசுப் படிவத்தில், அந்த நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். கேரள அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயாவில் விண்ணப்பிக்கும்போதே 'மத்திய அரசுத் தேவைக்கு' என்று சொல்லாவிட்டால் மாநிலப் படிவம் கையில் வரும், இட உறுதி செய்யும் நாளில் அது செல்லாது. பெயரும் அப்படித்தான். பள்ளிச் சான்றில் முன்னால் தலைப்பெழுத்து, பட்டச் சான்றில் பின்னால், கடவுச்சீட்டில் அப்பா பெயர் முழுதாக என்று மூன்று பெயரோடு நிற்பவர்கள் விண்ணப்பத்துக்கு ஆறு மாதம் முன்பே ஒன்றாக்கிக்கொள்வது நல்லது. வெளிநாட்டுத் தேர்வுக்குப் பதியும் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

தங்களிடம் எங்கள் வேண்டுகோள் இரண்டு. சேர்க்கை பற்றிய செய்திகளில் முதலிடம் பிடித்தவர்களின் படத்தோடு, தகுதி மதிப்பெண் எவ்வளவு, அது மொத்தத்திலா முதன்மைப் பாடத்திலா என்ற விவரத்தையும் ஒரு கட்டத்தில் போடுங்கள். ஜாம் பற்றிய கட்டுரையை மார்ச் மாதம் முடிவு வரும்போது போடுவதைவிட, விண்ணப்பம் திறக்கும் செப்டம்பரில் போடுங்கள். மார்ச்சில் படிக்கிறவருக்கு ஓராண்டு போய்விடுகிறது.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர்கள் இருவர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.